கபிலன் சைக்கிளில் போகட்டும்

ஈஸ்வரி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்பா நேராகப் பதில் சொல்லவில்லை. "பாப்போம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ மனத்தாங்கலோடுதான் வைத்திருப்பாய். "கபிலன் ஆறாப்புக்குப் போனதுல இருந்து சைக்கிள் சைக்கிள்னு உயிர எடுக்கான்ப்பா. நீங்க சொன்னாத்தான் கேப்பான். லாரி ஓட்டுன ஆளு நீங்க. ரோட்டப் பத்தி நாலு வார்த்த பயங்காட்டிச் சொல்லுங்க" என்று கேட்டாய். பயங்காட்ட எனக்கு நன்றாகவே தெரியும். நாக்பூர் வரைக்கும், அதற்கு மேலும் பட்டாசு லோடு ஏற்றிப் போனவன் நான். சாலையில் பார்த்ததில் பாதியைச் சொன்னாலே உன் பையன் வாசற்படி இறங்கமாட்டான். ஆனால் நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. அவன் சைக்கிளில் போகட்டும் என்றுதான் சொல்லப்போகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. நீ சைக்கிள் கற்றுக்கொண்டதையே நான் பார்க்கவில்லை. போபால் பக்கம் எங்கோ ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து பேசியபோது உன் அம்மா, "ஒங்க மக கைய விட்டுல்லா ஓட்டுதா" என்றாள். சந்தோஷத்தில் கிளீனருக்கும் எனக்கும் ஆளுக்கு ரெண்டு டீ வாங்கிக் குடித்தோம். பயம் எனக்குக் கொஞ்சம்கூட வரவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு எப்படி வரும்? தினமும் வாசலில் நின்று அனுப்பிவைத்தவள் உன் அம்மா. பயமெல்லாம் அவளுடையது. இப்போது அந்த இடத்தில் நீ நிற்கிறாய். அதனால் உன்னைக் குறை சொல்லி இதை எழுதுவதாக நினைக்காதே. போன வருஷம் இங்கே திருத்தங்கலில் ஒன்று நடந்தது. நீ பயந்துவிடுவாய் என்று அம்மா அதை உன்னிடம் மேலோட்டமாகத்தான் சொல்லியிருக்கிறாள். முழுவதும் கேட்டால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

முழங்கால் வலிக்குப் பிறகு வடக்கே போகிற லைனை விட்டுவிட்டு நான் உள்ளூர் வண்டிக்கு வந்தது உனக்குத் தெரியும். குடோனிலிருந்து அச்சுப் பிரஸ்களுக்குப் பேப்பர் லோடு அடிக்கிற லாரி. ஆவணி மாதம், காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த நேரம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து பிரஸ் தெருவுக்குள் இடது பக்கமாகத் திரும்பினேன். இன்டிகேட்டர் போட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், ஹாரன் அடித்தேன். செய்ய வேண்டியது எல்லாவற்றையும் செய்துதான் திரும்பினேன். டீக்கடைப் பக்கமிருந்து ஒரு பொம்பளையின் அலறல் கேட்டது. பிரேக்கை மிதிப்பதற்குள் பின் டயருக்கு அடியில் ஏதோ நொறுங்கிவிட்டது.

வண்டியை விட்டு இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தால், டயருக்குக் கீழே ஒரு சைக்கிளின் முன்சக்கரம் அப்பளம் மாதிரிக் கிடந்தது. பக்கத்தில் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணல்மேல் ஒரு பெண்பிள்ளை புத்தகப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. வண்டி தன் பக்கமாக வருவதைப் பார்த்து, சைக்கிளை விட்டுவிட்டு மணலில் குதித்திருக்கிறாள். யாரென்று பார்த்தால் நம் தெருவிலேயே கடைசி வீட்டு ராமலட்சுமியின் மகள், கார்த்திகா. நீ கல்யாணமாகிப் போன பிறகு குடிவந்தவர்கள், உனக்குத் தெரியாது. ராமலட்சுமி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறாள். புருஷன் திருப்பூரில். கார்த்திகா அப்போது எட்டாம் வகுப்பு.

அந்தப் பிள்ளை அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "தாத்தா, நீங்க என்னையப் பாக்கலியா?"

"பாக்கலையே தாயி."

"நான் ஒங்களப் பாத்தேனே. இம்புட்டுப் பெரிய வண்டி. நான் பாத்தா நீங்களும் பாப்பீகன்னுல்லா நெனச்சேன்."

ஈஸ்வரி, இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்ததில் இப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்ததே இல்லை. லாரிக்கு இடது பக்கம் ஒட்டி வருகிறவர்கள் டிரைவர் கண்ணுக்குப் படமாட்டார்கள் என்பது எங்களுக்கெல்லாம் சாப்பாடு தண்ணீர் மாதிரித் தெரிந்த விஷயம். அது அந்தப் பக்கம் வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிகிற வண்டிக்குத் தன்னையும் தெரியும் என்று நம்பித்தான் அத்தனை பிள்ளைகளும் எங்களை ஒட்டி ஓட்டிக்கொண்டு போகின்றன.

அன்று சாயங்காலம் ராமலட்சுமி வீட்டுக்குப் போனேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீங்க வேணும்னேவா செஞ்சீக அண்ணாச்சி, புள்ள தப்பிச்சதே பெருசு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "கொஞ்ச நாளைக்கி வீட்டுல இருக்கட்டும். கம்பெனி வேன் எனக்கு விடியமின்ன வந்துருது. இவளக் கொண்டுவிட ஆளு இல்ல. ஆட்டோவுல அனுப்பலாம்னா, ஒரு ஆட்டோவுல மூட்ட அடுக்குன மாதிரில்லா அடுக்குதாக" என்றாள். அந்தக் 'கொஞ்ச நாள்' எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை சும்மா இருக்காது. முதலில் தண்ணீர் பிடிக்கும், சோறு வடிக்கும். பிறகு பக்கத்து வீட்டு அட்டைப்பெட்டிக் கட்டு ஒன்று வந்து சேரும், ஒட்டுவதற்கு. கை வேகம் வந்துவிட்டால் அப்புறம் பள்ளிக்கூடப் பேச்சே எழாது. சைக்கிளுக்கு நானே புதுச் சக்கரம் மாட்டிக் கொண்டுபோய் விட்டேன். அது சுவரில் சாய்ந்தே நின்றது. கார்த்திகா அதன் மணியை மட்டும் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "வண்டி ஓட்டுறத விட்ருங்களேன்" என்றாள் உன் அம்மா. நான் விட்டால் அந்த வண்டியை வேறொருவன் ஓட்டுவான், அவ்வளவுதானே? பிள்ளையைக் கண்ணில் காட்டாத வண்டி அப்படியேதான் இருக்கும். அதை யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். காலி லாரியைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்துகிறேன், பிள்ளைகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லாரியவா? ஸ்கூலுக்குள்ளயா?" என்றார். கேட் பூட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

அன்றைக்குக் கார்த்திகாவைக் கூட்டிவர ராமலட்சுமியிடம் அரைநாள் கெஞ்ச வேண்டியிருந்தது. "சைக்கிள் இல்ல, நடந்தே கூட்டிட்டுப் போயி நடந்தே கூட்டிட்டு வாறேன்" என்று உன் அம்மா பொறுப்பெடுத்துக்கொண்ட பிறகு விட்டாள். மைதானத்தில் முதலில் அவளைத்தான் சீட்டில் ஏற்றினேன். கால் எட்டவில்லை, அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் பைகளை அடுக்கி உயர்த்தினோம். மற்றப் பிள்ளைகளை இடது பக்கம் முன் டயரை ஒட்டி நிற்கச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக வந்து வந்து ஒரு வகுப்பே அங்கே நின்றது.

"யாரு தெரியுதா தாயி?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், எட்டிப் பார்த்தாள், திரும்பவும் கண்ணாடியைப் பார்த்தாள். "எல்லாரும் எங்க போய்ட்டாக?"

"ஏய், இங்கனதான்டி நிக்கோம்!" என்று கீழேயிருந்து கூச்சல். பிள்ளைகள் சிரித்தார்கள். கார்த்திகா சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப எங்கன நின்னா தெரியும்?" என்று கேட்டாள். அதிலிருந்து அந்தக் காரியம் என் கையை விட்டுப் போய்விட்டது. அவளே மேலேயிருந்து சொல்லச் சொல்ல, கீழே நின்ற பிள்ளைகள் ஓரோர் அடியாக நகர்ந்தார்கள். "இப்பத் தெரியல... இப்பவும் தெரியல... ஆங், இப்பத் தெரியுது!" என்கிற இடத்தில் எல்லாம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். கடைசியில் லாரியைச் சுற்றி வெள்ளையாக ஒரு பெரிய குளம் மாதிரி வரைந்திருந்தது. குளத்துக்குள் நின்றால் டிரைவருக்கு நீ இல்லை. "கண்ணாடில எம் மொகம் ஒங்களுக்குத் தெரியணும். தெரியலன்னா நீங்களும் எனக்குத் தெரியல. பின்னாலயே நில்லுங்க, வண்டி திரும்பிப் போகட்டும்" என்று மட்டும் நான் சொன்னேன்.

முடிந்தது என்று வண்டியை எடுக்கப் போனேன். கார்த்திகா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "நாங்க ஒங்க வண்டில ஏறிப் பாத்துட்டோம். நீங்க எங்க வண்டில ஏறிப் பாப்பீகளா தாத்தா? ஒங்க லாரி செட்டுல இருக்க எல்லாரும்?"

லாரிகள் நிற்கிற எங்கள் செட்டில் இதைச் சொன்னதும் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆனாலும் சனிக்கிழமை சிலபேர் வந்தார்கள். உனக்கு அந்தோணியைத் தெரியும்தானே, உன் கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றிவந்தவன். அந்தத் தொந்தியோடு ஒரு பொடிப்பையனின் சைக்கிளில் அவன் உட்கார்ந்த காட்சியைப் பார்க்க டீக்கடையே எழுந்து வந்துவிட்டது. மெயின் ரோடு வழியாகப் பள்ளிக்கூடம் வரைக்கும் போனோம். ஓரத்தில் போகலாம் என்றால் அங்கே சரளை, சரளையை ஒட்டிச் சாக்கடை, சாக்கடைக்கு மூடி இல்லை. அதைத் தாண்டினால் ஒரு பிரஸ் வாசலில் நிற்கிற வண்டி. அதைச் சுற்றிப்போக நடுரோட்டுக்கு வர வேண்டும். வந்த அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசினாற்போல் போனது. அந்தோணி சைக்கிளோடு சரளையில் சாய்ந்துவிட்டான். எழுந்ததும், "யார்லே அவன்!" என்று கத்தினான். யாரென்று பார்த்தால் எங்கள் செட் வண்டிதான். ஓட்டியவன் நல்ல பையன், எங்களைத் தெரிந்ததும் கையை வேறு ஆட்டிவிட்டுப் போகிறான். வணக்கம் சொல்லத்தான் அந்த ஹாரன். அந்தோணி சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினான். "நாமளும் இப்படித்தான போறோம். இந்தச் சத்தம் கீழ இம்புட்டு கேக்கும்னு தெரியாதுய்யா" என்றான்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே எல்லோரும் கூடிப் பேசி, பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும் அந்த ரோட்டில் வண்டியை விடுவதில்லை, சுற்றுப்பாதையில் போவது என்று முடிவெடுத்தோம். எங்கள் முதலாளி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "சீசன் நேரத்துல இதெல்லாம் ஆகுற காரியமா அண்ணாச்சி? பார்ட்டி வந்து வாசல்ல நிக்கான், ஆர்டர் போயிரும்" என்றார். அவரோடு நான் வாதாடவில்லை. "காலைல ஒரே ஒரு தடவ அந்த முக்குல வந்து நின்னு பாருங்க" என்றேன். அவர் வந்தார். நின்றார். அடுத்த வாரம் லோடு இறக்குகிற நேரத்தை மாற்றிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இன்னும் கேட்காத பிரஸ்கள் இருக்கின்றன. அந்தச் சாக்கடைக்கு மூடி பாதி தூரத்துக்குத்தான் போட்டிருக்கிறார்கள். மீதிக்கு மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

ஆனால் ராமலட்சுமி இன்னும் அசையவில்லை. "நீங்கல்லாம் நல்லதுதான் செய்றீக. நாளைக்கி ஒண்ணுன்னா அடிபடுறது எம் புள்ளதான?" என்றாள். உண்மையைத்தானே சொல்கிறாள். உன் அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். நம் தெருவிலும் பின்தெருவிலும் சைக்கிள் இருந்தும் ஓட்ட விடாமல் வைத்திருக்கிற பிள்ளைகளைச் சேர்த்து, ஒரே கூட்டமாக வரிசையில் அனுப்பினால் என்ன? தனியாகப் போகிற பிள்ளையை டிரைவர் தவறவிடலாம். வரிசையாகப் பத்துப் பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியாமல் போகும்? முன்னால் விவரம் தெரிந்த ஒரு பெரிய பிள்ளை, பின்னால் ஒரு பெரிய ஆள். பொடிசுகள் சைக்கிளில் வேண்டாம், அவர்கள் தனிக் கூட்டமாக நடக்கட்டும், கூடத் தான் போவதாகச் சொன்னாள். சைக்கிள் வரிசைக்குப் பின்னால் நான் என்று ஆயிற்று. மிதிக்க ஆரம்பித்த பிறகு முழங்கால் முன்னைக்கு இப்போது தேவலை.

ஆலைக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் ராமலட்சுமி வந்தாள். கார்த்திகா இல்லாமல்தான். எங்கள் வரிசைக்குப் பின்னால் நடந்தும் ஓடியும் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாள். திருப்பத்தில் ஒரு லோடு வண்டி வந்தது. முன்னால் போன பையன் கையைத் தூக்கினான். வரிசை முழுவதும் நின்றது. வண்டி திரும்பிப் போன பிறகு எல்லாரும் நகர்ந்தார்கள். ராமலட்சுமி ரோட்டோரத்தில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கி ஒருநா அனுப்புறேன்" என்றாள். மறுநாள் சாயங்காலம் கேட்டால், "நாளைக்கும் ஒருநா போகட்டும்" என்றாள். அவள் இன்றுவரைக்கும் மொத்தமாகச் சம்மதம் சொல்லவில்லை ஈஸ்வரி. ஒவ்வொரு நாளாகத்தான் சொல்கிறாள். கார்த்திகா இப்போது ஒன்பதாவது. வரிசைக்கு முன்னால் போகிறது அவள்தான்.

உன்னிடமும் நான் மொத்தச் சம்மதம் கேட்கவில்லை. நீங்கள் இருக்கிற சூலக்கரை ரோடு திருத்தங்கல் ரோடு இல்லை என்று நீ சொல்வாய். சரிதான். நாலுவழிச் சாலை பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் கபிலனும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை முதலில் நடந்து போங்கள். ஸ்கூட்டரில் போகும்போது பாதை கண்ணில் படாது. பெரிய சாலையைக் குறுக்கே கடக்காத வழி இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றென்றாலும் அதுதான் அவன் வழி. கடந்துதான் ஆக வேண்டும் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும், ஆள் நின்று வண்டிகளை நிறுத்துகிற இடத்தில். எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று அவனிடமே கேள். நீ நினைக்காத ஒரு இடத்தை அவன் காட்டுவான். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும். வளருவான் என்று பெரிய சைக்கிளாக வாங்கிவிடாதே. பை கேரியரில் இருக்கட்டும், ஹேண்டிலில் தொங்க வேண்டாம். ஹெல்மெட் போடச் சொல். மாப்பிள்ளையும் தன்னுடையதைப் பைக்கின் பெட்ரோல் டேங்கில் மாட்டாமல் தலையில் போட்டால்தான் பையன் போடுவான். உங்கள் தெருவில் அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யார் யார் என்று விசாரி. நீ பயப்படுகிற மாதிரியே பயப்படுகிற இன்னும் சில அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய்ப் பேசு. தனியாக விடப் பயந்தவர்கள் சேர்ந்து விட்டதுதான் இங்கே நடந்தது.

இன்னொன்று. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டால் பத்திரம் என்று நினைக்கிறாய். பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கிற நேரத்தில் போய் நின்று பார். ஸ்கூட்டரும் காரும் ஆட்டோவும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்க, இடுக்கில் பிள்ளைகள் நுழைந்து போகின்றன. நம் பிள்ளையைப் பத்திரமாக இறக்க வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்தாக நிற்கிறோம். உன் பையன் சைக்கிளில் போனால் அங்கே ஒரு ஸ்கூட்டர் குறையும். மேலும், ஆட்டோவில் மடங்கி வந்து இறங்கிய பிள்ளைகளின் முகத்தையும், சைக்கிளில் வந்து இறங்குகிற பிள்ளைகளின் முகத்தையும் நான் தினமும் பார்க்கிறேன். தானே வந்து சேர்ந்துவிட்டோம் என்கிற ஒரு பெருமை இவர்கள் முகத்தில் இருக்கிறது. பரீட்சையில் முதலாவதாக வந்தாலும் அது வராது. அதைக் கபிலன் முகத்தில் நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வருகிற வாரம் நான் பஸ் ஏறி வருகிறேன். சில நாட்கள் தங்கி, அவன் பின்னால் நானும் ஓட்டிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு ஒரு காலையில் அவன் மற்றப் பிள்ளைகளோடு நான் இல்லாமல் போவான். நீ வாசலில் நிற்பாய். அவன் தெருமுனையை நெருங்கும்போது ஏதோ சொல்ல மறந்துவிட்ட மாதிரி உனக்குத் தோன்றும். தண்ணீர் பாட்டிலோ, பார்த்துப் போ என்கிற வார்த்தையோ. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரும். கூப்பிடாதே ஈஸ்வரி. ஓட்டுகிற பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பும், தலை திரும்பினால் சைக்கிளும் திரும்பும். வாயை மூடிக்கொண்டு, அவன் முனையைத் தாண்டுகிற வரைக்கும் நில். அவன் நேராகப் பார்த்துக்கொண்டு போவான். அப்படியே போகட்டும்.

அப்பா